சனிக்கிழமைக் கடல்நாய்

என் மகன் கனடாவுக்குப் போனபோது அவனுக்கு ஏழு வயது. நான் கூடப் போகவில்லை. இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் நம்ப மாட்டார்கள். பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். எண்பத்தாறாம் ஆண்டு, சண்டைக்குள், யாழ்ப்பாணத்து வேலணைத் தீவில் இருந்தவர்களுக்கு இது அப்படியொன்றும் அதிசயமாகத் தெரிந்திராது.

என் கணவர் அதற்கு முந்தின வருஷமே போய்விட்டார். அடுத்ததாக அவருடைய அக்கா, எனக்கு மச்சாள் முறை, தன் இரண்டு பிள்ளைகளோடு ஏஜென்சிக்காரன் ஒருவன் மூலம் புறப்பட ஆயத்தமானா. அவவுக்குக் கிடைத்த பாஸ்போட்டில் மூன்று பிள்ளைகள் பதிந்திருந்தன. மூன்றாவது பிள்ளையின் வயதும் என் மகனின் வயதும் கிட்டத்தட்ட ஒன்று.

"பெரியாளுக்கு இடமில்லை. பிள்ளைக்கு இருக்கு," என்றான் ஏஜென்சிக்காரன். "ஒரு ஆறு மாசம் பொறுங்கோ. அவர் அங்கத்தை வதிவிடப் பேப்பர் எடுத்த உடனை நீங்களும் போயிடுவியள்."

பள்ளிக்கூடம் ஒருநாள் நடந்தால் இரண்டு நாள் பூட்டிக் கிடந்த காலம். ஆமியின் ஹெலிகொப்டர் வந்தால் பிள்ளைகளை மேசைக்குக் கீழே தள்ளிவிடுவோம். என் ஐயா அப்போது பாரிசவாதத்தில் விழுந்து படுக்கையில் இருந்தார். அவரைப் பார்க்க என்னை விட்டால் ஆளில்லை. "பிள்ளையை அனுப்பு" என்று முதலில் சொன்னவரும் அவர்தான். வாய் ஒரு பக்கம் இழுத்துப் போயிருந்ததால் அதைச் சொல்ல அவருக்கு நெடுநேரம் எடுத்தது. மூன்றாம் நாள் மகனுடைய உடுப்புகளைத் தோய்த்துக் கொடியில் போட்டேன். அதோடு எல்லாருக்கும் என் பதில் தெரிந்துவிட்டது.

அவன் போவதற்கு இரண்டு கிழமை முந்தி நாங்கள் ஒரு படம் பார்த்தோம்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி ஒரு அக்கா இருந்தா. அவவின் குடும்பம் தெற்கில் ஒரு பட்டணத்தில் கடை வைத்திருந்தது. எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கடை எரிந்து, உடுத்த உடுப்போடு கப்பலில் வந்து இறங்கியவர்கள். பிறகு மூத்த மகன் சவூதிக்குப் போய், லீவில் வரும்போது ஒரு கலர் ரீவியும் வீடியோ டெக்கும் நாலைந்து கசெற்றுகளும் கொண்டுவந்தான். அதிலே ஒன்று ஆங்கிலப் படம். குளிர் தேசமொன்றில் வெளிச்சவீடு காக்கிற ஒரு குடும்பம். தகப்பன், தாய், ஒரு பெட்டை, ஒரு சின்னப் பெடியன். புயலடித்த மறுநாள் ஒரு கடல்நாய்க் குட்டி கரையில் ஒதுங்குகிறது. பிள்ளைகள் அதைக் குளியலறைத் தொட்டிக்குள் ஒளித்து வைக்கிறார்கள். தகப்பன் கண்டுபிடிக்கிறார், கத்துகிறார், பிறகு அவரே அதற்கு மீன் ஊட்டுகிறார். கடைசியில் அதைக் கடலிலே விடத்தான் வேண்டும் என்று ஆகிறது. தாய்தான் வள்ளத்தில் கொண்டுபோய் விடுகிறா. விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்கிறா.

"உது எங்கடை கடலிலை வாற ஆவுளியா மாதிரியெல்லோ கிடக்கு," என்றா அக்கா.

என் மகன் மடியில் இருந்து பார்த்தான். ஆங்கிலம் ஒரு சொல்லும் அவனுக்கு விளங்காது. நான் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்கு விளங்கின அளவுக்கு. கடல்நாய் போனதும் அழுதான். மூன்று தரம் அந்தப் படத்தைப் பார்த்தான், மூன்று தரமும் அதே இடத்தில் அழுதான். மூன்றாம் தரம் அக்கா, "இனி உவனுக்கு இதைப் போட்டுக் காட்டாதை பிள்ளை," என்று கசெற்றை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டா.

பஸ்சில் ஏறி யன்னல் பக்கம் இருந்தபோது அவன் அழவில்லை. அம்மா எப்போது வருவா என்று மச்சாளிடம் கேட்டான்.

"அடுத்த கிழமை," என்றா மச்சாள்.

நான் கீழே நின்றேன். அது பொய் என்று அவனுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆறு மாதம் ஒரு வருஷமாகிப் போனது. கணவருடைய அகதி வழக்கு ஒரு பெரிய வரிசையில் எங்கோ கிடந்தது. அவர் இரண்டு இடத்தில் வேலை செய்தார். பிள்ளை மச்சாள் வீட்டில் வளர்ந்தான். அவர் எழுதுகிற கடிதத்தின் அடியில் மகன் இரண்டு வரி எழுதுவான். நான் சுகம், நீங்கள் சுகமா. அவ்வளவுதான். என்ன சாப்பிட்டாய், யாரோடு விளையாடினாய் என்றெல்லாம் நான் கேட்டு எழுதுவேன். அடுத்த கடிதத்திலும் நான் சுகம், நீங்கள் சுகமா என்றுதான் வரும்.

எண்பத்தேழு கடைசியில் ஒரு கடிதம் வந்தது. இந்தத் தரம் அவனே முழுப் பக்கம் எழுதியிருந்தான். எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழும் ஓடின. "அம்மா, நாங்கள் அக்கா வீட்டிலை பாத்த படம் இஞ்சை ரீவியிலை வருது. ஆனா ஆக்கள் இல்லை. கீறின படம். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலமை வருது. கடல்நாய் கதைக்குது. அது கடலுக்குப் போகேல்லை. எங்கடை படத்திலைதான் போனது. இதிலை போகவே போகாது." கடிதத்தின் பின்பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு கடல்நாயைக் கீறியிருந்தான்.

அந்தக் கடிதத்தை நான் எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டியிருப்பேன் என்று தெரியாது. ஐயாவுக்கு மட்டும் ஐந்தாறு தரம். பிள்ளை என்னோடு கதைத்துவிட்டான் என்பதுதான் எனக்குப் பெரிது. அன்றைக்கே பதில் எழுதினேன். கடல்நாய் என்ன கதைத்தது, தகப்பன் நல்லவரா, வெளிச்சவீடு என்ன நிறம், எல்லாம் எழுது என்று.

எழுதினான். ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு சனிக்கிழமை வந்தது. கடல்நாய் வள்ளம் ஓடப் பழகியது. கடல்நாய்க்குத் தடிமன் பிடித்து, தும்மித் தும்மி வெளிச்சவீட்டு விளக்கை அணைத்துவிட்டது. தகப்பன் படத்தில் மெலிந்த ஆள், கீறின படத்தில் வயிறு வைத்தவர், எந்த நேரமும் படியில் தடுக்கி விழுகிறவர். எனக்கு அவனுடைய பள்ளிக்கூடம் தெரியாது. அவன் படுக்கிற அறை தெரியாது. அந்தக் கடல்நாயைத் தெரியும். அவன் பார்ப்பதைத்தான் நானும் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் மச்சாள் ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு கசெற் கொடுத்துவிட்டா. ரீவியில் போகும்போதே பதிந்தது, நாலு சனிக்கிழமை. நான் அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். டெக்கில் போட்டால் படம் உருண்டு உருண்டு போனது. நிறமும் இல்லை, உருவமும் இல்லை, வெள்ளைக் கோடுகள்தான். சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

மறுநாள் பஸ் எடுத்து, பாலத்தால் யாழ்ப்பாணம் போனேன். வீடியோக் கடைக்காரர் கசெற்றைப் புரட்டிப் பார்த்தார்.

"இது அமெரிக்கச் சிஸ்ரம் அக்கா. இஞ்சத்தை டெக்கிலை ஓடாது."

"ஒண்டும் செய்யேலாதோ?"

"ஏலும். மாத்திப் பதிய வேணும். ரெண்டு கிழமை செல்லும். கலியாண வீடோ?"

"இல்லை. காட்டூன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் விபரம் சொல்லப் போகவில்லை.

இரண்டு கிழமை கழித்துக் கொண்டுவந்து போட்டபோது நிறம் வெளிறித்தான் இருந்தது. ஆனாலும் தெரிந்தது. சிவப்பும் வெள்ளையுமாக வெளிச்சவீடு. தொப்பி போட்ட கடல்நாய். நாலு கதையையும் அக்காவும் நானும் ஒரே இருப்பில் பார்த்தோம். பிறகு நான் தனியாக, நிறுத்தி நிறுத்தி, ஒரு கொப்பியில் சொற்களை எழுதி, அகராதியில் தேடி, கிழமைக்கணக்காகப் பார்த்தேன். பத்தாம் வகுப்போடு விட்ட ஆங்கிலத்தை அந்தக் கடல்நாயிடம்தான் திரும்பப் படித்தேன். இடையிடையே விளம்பரங்கள் வந்தன. அவற்றையும் விடாமல் பார்த்தேன். பிள்ளைகள் போடுகிற குளிர்ச்சட்டை, பால் ஊற்றிச் சாப்பிடுகிற ஏதோ தானியம், அதை ஊற்றிக்கொடுக்கிற தாய்மார். என் மகனும் இதைத்தான் சாப்பிடுகிறானாக்கும் என்று நினைப்பேன்.

விளம்பரத்தில் தாய்மார் வந்ததால்தான் எனக்கு அது பட்டது. கீறின படத்தில் தாய் இல்லை. தகப்பன் இருக்கிறார், பெட்டை இருக்கிறாள், சின்னப் பெடியன் இருக்கிறான். நாலு கதையிலும் தாயைக் காணவில்லை. செத்துப்போனா என்றோ, எங்கேயோ போய்விட்டா என்றோ ஒருவரும் சொல்வதாகவும் இல்லை. மேசையில் மூன்று கோப்பை. கடல்நாய்க்கு ஒரு வாளி.

"அக்கா, அந்தப் பொம்பிளை எங்கை?" என்று கேட்டேன்.

"எந்தப் பொம்பிளை?"

"வள்ளத்திலை கொண்டுபோய் விட்டவ."

அக்கா யோசித்துப் பார்த்தா. "கீறுறவங்களுக்கு ஒராள் குறைஞ்சால் வேலை மிச்சம்தானே," என்றா. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, "எடி விசரி, உது காட்டூன்," என்று எழும்பித் தேத்தண்ணி போடப் போனா.

மகனுக்கு எழுதினேன். அந்தப் பிள்ளைகளின் அம்மா எங்கே? ஒன்றரை மாதத்தால் பதில் வந்தது. "அம்மா இல்லை. முதல்லை இருந்தே இல்லை. அதைப் பற்றி ஒருத்தரும் கேக்கிறேல்லை."

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் மற்றதெல்லாம் கேட்டுவிட்டு, கடைசி வரியில் அம்மா வந்துவிட்டாவா என்று கேட்டேன். பிள்ளைக்கு எழுதுகிற கடிதத்தில் கேட்கிற கேள்வியா அது என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது கையை நிறுத்த முடியவில்லை. அவனுடைய கடிதங்கள் பிந்திப் பிந்தி வரத் தொடங்கின. தமிழும் கரைந்துகொண்டு போனது. முதலில் 'ழ' போனது, பிறகு மெய்யெழுத்துகளின் குற்றுகள் போயின, பிறகு நடுவே ஆங்கிலச் சொற்கள் வந்தன. சனிக்கிழமை மட்டும் தவறாமல் வந்தது.

தொண்ணூறு தொடக்கத்தில் அந்தக் கடிதம் வந்தது. "அம்மா, இந்தச் சனிக்கிழமை அந்த அம்மா வந்திட்டா. வள்ளத்திலை வந்தா. நல்ல காத்து. கடல்நாய் நீந்திப்போய் கயிறைப் பிடிச்சு இழுத்தது. அப்பா படியிலை விழுந்து விழுந்து ஓடி வந்தார். பிள்ளையள் கட்டிப் பிடிச்சினம். இனி அவ போக மாட்டா."

முற்றத்தில் நின்றுதான் வாசித்தேன். வாசித்துவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தவவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஐயாவுக்கு வாசித்தேன். அவர் நல்ல கையால் என் தலையைத் தடவினார். எனக்குப் பேப்பரே கிடைத்துவிட்டது மாதிரி இருந்தது அன்றைக்கு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் பாடிக்கொண்டு கிணற்றில் தண்ணி அள்ளினேன்.

அந்த வருஷம் நடுவில் திரும்பவும் சண்டை தொடங்கியது. கரண்ட் போனது. அக்கா குடும்பம் கொழும்புக்குப் போய்விட்டது. ஆவணி மாதம் கடலிலிருந்தும் வானத்திலிருந்தும் செல் விழத் தொடங்க, ஊர் முழுக்க ஒரேயடியாக எழும்பியது. பாலத்தால் போக முடியவில்லை. ஐயாவைக் கட்டிலோடு தூக்கி வள்ளத்தில் ஏற்றி அக்கரைக்குப் போனோம். ஒரு பையில் ஐயாவின் மருந்து, எங்கள் பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், மகனுடைய கடிதங்கள். வேறொன்றும் எடுக்கவில்லை. எங்கள் வீட்டை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு வெளியே, தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரின் விறாந்தையை ஓலையால் மறைத்து, அதற்குள் இருந்தோம். கடிதங்கள் எங்கெங்கோ கிடந்து, நாலைந்து ஒன்றாக வரும். சில மாதம் ஒன்றுமே வராது. மகன் இப்போது முழுக்க ஆங்கிலத்தில் எழுதினான். ஐந்து வரி, ஆறு வரி. கடல்நாய் பனியில் வழி தவறியது. கடல்நாய் ஒரு கள்ளனைப் பிடித்தது. முந்திப் போல நீளமில்லை, ஆனாலும் இருந்தது. எங்கள் கதையை நான் அவனுக்கு எழுதவேயில்லை. விறாந்தையைப் பற்றியோ, விமானங்களைப் பற்றியோ ஒரு சொல் எழுதவில்லை. பிள்ளை பயப்படுவான். பதிலுக்கு நானும் கடல்நாயைப் பற்றித்தான் எழுதினேன். கள்ளனைப் பிடித்தபோது அம்மா என்ன செய்தா என்று கேட்டேன்.

தொண்ணூற்றுமூன்றில், கணவருக்குப் பேப்பர் கிடைத்த பிறகு, கனடாத் தூதரகத்தில் இன்ரவியூவுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. ஐயாவைச் சொந்தக்காரரிடம் பொறுப்புக் கொடுத்துவிட்டு, கடலேரியைக் கடந்து, இயக்கத்துக்கும் ஆமிக்கும் பயணப் பாஸ் காட்டி, ஐந்தாம் நாள் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தேன். திங்கட்கிழமை இன்ரவியூ. நான் வெள்ளிக்கிழமையே லொட்ஜில் இருந்தேன். சனிக்கிழமைக்காகத்தான் அப்படி வந்தேன். லொட்ஜுக்குக் கீழே வெளிநாட்டுக்கு ரெலிபோன் எடுக்கிற கடையொன்று இருந்தது. இங்கே பின்னேரம் என்றால் அங்கே காலை. காட்டூன் தொடங்க முதல் கதைத்து முடித்துவிட வேண்டும், பிள்ளைக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று மணி பார்த்துக் கொண்டு போனேன்.

ஏழு வருஷத்தில் அவனுடைய குரலை நான் ஒரு தரமும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் ரெலிபோன் என்று ஒன்று இல்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றேன். மச்சாள்தான் எடுத்தா. நான் யாரென்று சொன்னதும் அழத் தொடங்கிவிட்டா. பிறகு, "பொறும், பெடியன் படுத்திருக்கிறான். எழுப்பிறன்," என்றா.

"இன்னும் எழும்பேல்லையோ? காட்டூன் தொடங்கப் போகுதெல்லோ?"

"என்ன காட்டூன்?" என்றா மச்சாள். பிறகு போனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. தூரத்தில் யாரோ யாரையோ ஆங்கிலத்தில் கூப்பிட்டார்கள். நான் சுவர் மீற்றரில் ஓடுகிற நிமிஷத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஹலோ."

ஆம்பிளைக் குரல். என் கணவர் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"தம்பி... அம்மா கதைக்கிறன்."

"ஓ. ஹலோ அம்மா."

எத்தனையோ மாதமாக யோசித்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. வாய்க்கு வந்தது ஒன்றுதான். "இண்டைக்குக் கடல்நாய் என்ன செய்யப் போகுது?"

ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"தம்பி, கேக்குதோ?"

"அது... அது இப்ப இல்லை அம்மா."

"இண்டைக்கு இல்லையோ?"

"இல்லை. அது நிண்டு போச்சு. நான் நாலாம் கிரேட் படிக்கேக்கை. சின்ன ஆக்கள் பாக்கிறது அது." அவன் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லாகத் தேடித்தேடி எடுத்தான். "இப்ப ஒருத்தரும் பாக்கிறேல்லை."

"அப்ப நீ எழுதினது? பனியிலை வழி தவறினது, கள்ளனைப் பிடிச்சது?"

"நான் சும்மா எழுதினனான். உங்களுக்கு விருப்பம் எண்டு மாமி சொன்னவ. எனக்கும் வேறை எழுத ஒண்டும் தெரியேல்லை."

நாலாம் வகுப்பு என்றால் பத்து வயது. நான் விரலை மடித்துப் பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே ஒருவர் தன் முறைக்காகக் காத்து நின்றார்.

"அப்ப அந்த அம்மா வந்தது? வள்ளத்திலை வந்தது?"

"எந்த அம்மா?"

"அந்தப் பிள்ளையளின்ரை அம்மா. கடல்நாய் கயிறு பிடிச்சு இழுத்ததெண்டு எழுதினாயே அப்பன்."

"ஸொறி அம்மா. எனக்கு ஞாபகமில்லை." பிறகு, "மாமியைக் கேக்கிறீங்களோ?" என்றான். கேட்ட உடனேயே போன் கை மாறிவிட்டது.

மச்சாள் மூக்கை உறிஞ்சினா. "அது நான்தான் சொல்லிச் சொல்லி எழுதுவிச்சனான். என்னைக் கோவியாதையும். நீர் ஒவ்வொரு கடிதத்திலையும் அதையே கேட்டுக்கொண்டிருந்தீர். அவன் உம்மடை கடிதம் வந்தாலே ஓடி ஒளிக்கத் துவங்கிட்டான். 'அம்மா வரேல்லை எண்டு எத்தினை தரம் எழுதுறது மாமி' எண்டு அழுதவன். வந்திட்டா எண்டு எழுதிவிடடா, அம்மா சந்தோசப்படுவா எண்டனான். நான் ரெண்டு வேலைக்குப் போறன். மூண்டு பிள்ளையளையும் பாக்கிறன். எனக்கு வேறை என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை."

"நீங்கள் செய்தது சரி மச்சாள்," என்றேன். எனக்கு அவவில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் பிடித்துக்கொண்டு நிற்க ஏதாவது ஒன்று இருந்திருக்கும். போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். காத்து நின்றவர் எனக்கு வழி விட்டார். றோட்டில் சனிக்கிழமைப் பின்னேரச் சனம். எங்கே போவதென்று தெரியாமல் கடல் தெரிகிற பக்கம் நடந்து, ரயில் பாதைக்கு இந்தப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பொலிஸ்காரன் வந்து அடையாள அட்டை கேட்கும்வரைக்கும் நின்றேன்.

திங்கட்கிழமை இன்ரவியூ எடுத்த அம்மா நல்லவ. தமிழில் மொழிபெயர்த்துச் சொல்கிற ஆள் ஒருவரும் பக்கத்தில் இருந்தார். மகனைப் பற்றிச் சொல்லச் சொன்னா.

"என்ன வகுப்புப் படிக்கிறார்?"

கணக்குப் பார்த்துச் சொன்னேன்.

"என்ன விளையாட்டு விருப்பம்? கூட்டாளிமார் ஆர்?"

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையில் அவன் எழுதின கடிதங்கள் எல்லாம் இருந்தன, அத்தாட்சிக்காகக் கொண்டுவந்தவை. எடுத்து மேசையில் வைக்க எனக்குக் கை வரவில்லை. அதிலே என் மகனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"தெரியாது," என்றேன். அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா ஒரு கிளாஸ் தண்ணி தந்தா. பொறுத்திருங்கள், அறிவிப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பவும் ஐயாவிடம் போனேன். விறாந்தைக்கு வந்து சேர்ந்த அன்றைக்கு, மகனோடு கதைத்தாயா என்று அவர் கண்ணால் கேட்டார். "கதைச்சனான், நல்லாயிருக்கிறான்" என்றேன். அவர் அடுத்த வருஷம் மாரிக்குள் போய்ச் சேர்ந்தார். கொள்ளி வைக்க ஆம்பிளைப் பிள்ளை இல்லையென்று சொந்தக்காரரின் மகன் வைத்தான். பேரன் இருந்திருந்தால் நெய்ப்பந்தம் பிடித்திருப்பான்.

மகனுக்கு நான் உண்மையான கடிதம் எழுதிப் பார்த்தேன். எங்கே இருக்கிறோம், தாத்தா எப்படிச் செத்தார், கிணற்றடியில் எத்தனை குடும்பம் வரிசையில் நிற்கிறது என்று. பதிலில்லை. பயந்திருப்பான், அல்லது வாசித்துச் சொல்ல மச்சாளுக்கு நேரமிருந்திராது. மூன்றாவது கடிதத்தோடு நானும் நிறுத்திவிட்டேன். பிறகு அவனுக்கென்று நான் எழுதவில்லை. கணவருக்கு எழுதும்போது பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லுங்கோ என்று போடுவேன்.

தொண்ணூற்றைந்து நடுவில் விசா வந்தது.

விமான நிலையத்துக்குக் கணவரும் மச்சாளும் வந்திருந்தார்கள். கணவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என் கைப் பையை வாங்கிக்கொண்டு, பயணம் எப்படி என்று கேட்டார். நான் ஆட்களின் பின்னால் பின்னால் பார்த்தேன்.

"அவனுக்கு வேலை. கடையொண்டிலை பகுதி நேரம் நிக்கிறான். விடேலாதெண்டு சொல்லிப்போட்டாங்கள்," என்றா மச்சாள்.

எட்டாம் மாடியில் வீடு. தேத்தண்ணி தந்தார்கள், சாப்பாடு தந்தார்கள். செற்றியில் இருந்தபடியே நான் நித்திரையாகிவிட்டேன். முழித்தபோது வெயில் இன்னும் யன்னலில் இருந்தது. மச்சாளும் கணவரும் கடைக்குப் போயிருந்தார்கள். கொரிடோர் முடிவில் ஓர் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவன் யாரோடோ ரெலிபோனில் கதைத்துக்கொண்டிருந்தான். நான் தூங்கும்போது வந்திருக்கிறான்.

எழும்பிப் போய்க் கதவடியில் நின்றேன். கதைக்கிறான், சிரிக்கிறான், திரும்பக் கதைக்கிறான். என்ன சொல்கிறான் என்று உன்னிப்பாகக் கேட்டுப் பார்த்தேன். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவ்வளவு கெதியாகக் கதைத்தான். தட்டுவோமா என்று கையைத் தூக்குவேன், பிறகு இறக்குவேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

கதவு திறந்தது. என்னைவிட ஒரு முழம் உயரமாக நின்றான். மேலுதட்டில் மெல்லிய மயிர். மூக்கு ஐயாவின் மூக்கு. அவன் என்னைப் பார்த்தான், நான் நிற்கிற இடத்தைப் பார்த்தான், பிறகு முகத்தில் ஒரு மரியாதை வந்தது.

"பாத்ரூம் தேடுறீங்களோ?" என்றான்.

"ஓம்," என்றேன்.

அவன் முன்னால் நடந்து போய்க் கதவைத் திறந்து, லைற்றைப் போட்டுவிட்டு, சுடுதண்ணிப் பைப் எது, பச்சைத்தண்ணிப் பைப் எது என்று திருப்பிக் காட்டினான். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.